100/80 நல்ல பிரஷரா? அதிதீவிர சிகிச்சைக் கட்டிலடியில் தாதி எதை முதலில் பார்க்கிறார்

கார்த்திகை, மார்கழி மழை தொடங்கியதும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வைத்தியசாலைகளில் வந்து படுக்கும் நோய்களும் மாறிவிடும். வாட்டில் டெங்கு கூடும். பெரும்போக வேளாண்மைக்கு வட்டையில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். வாடியில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் பாம்பு கடிக்கும். பயிருக்கு அடிக்க வாங்கி வைத்த மருந்துப் போத்தல் வீட்டுச் சண்டை ஒன்றின் நடுவே ஒருவர் கையில் அகப்படும். இவர்களில் ஒரு பகுதியினர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, அதாவது எல்லோரும் சொல்லும் ஐ.சி.யு.வுக்கு, வந்து சேருகிறார்கள்.

அங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் டெங்கு. ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது, ஆள் தெளிவாகக் கதைக்கிறார், பிரஷர் 100/80. மற்றதில் சலப்பாதைத் தொற்று இரத்தத்தில் பரவியவர். கை கால் சுடுகிறது, பிரஷர் 110/40. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் பரவாயில்லை என்றே தோன்றும். சராசரி அழுத்தத்தைக் கணக்கிட்டால், அதாவது கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி மேல் எண்ணைக் கூட்டி மூன்றால் வகுத்தால், டெங்குக்காரருக்கு 87, தொற்றுக்காரருக்கு 63. ஐ.சி.யு.வில் பொதுவாகக் கேட்கப்படும் குறைந்த அளவு 65. ஆகவே இரண்டாமவர் பிடிபட்டுவிட்டார். முதலாமவரோ அந்தக் கணக்கில் வெகு நன்றாக இருக்கிறார்.

உண்மையில் இருவருமே அதிர்ச்சி நிலையில், அதாவது உறுப்புகளுக்குப் போதிய குருதி போகாத நிலையில், இருக்கிறார்கள். தொற்றில் குருதிக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, கீழ் எண் விழுகிறது. டெங்குவில் குழாய்ச் சுவர் கசிந்து திரவம் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போய்விடுகிறது. மிஞ்சிய குருதியை மூளைக்கும் இதயத்துக்கும் காப்பாற்றுவதற்காக உடல் குழாய்களை இறுக்குகிறது. அதனால் கீழ் எண் மேலே ஏறி, இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி சுருங்கும். அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் அது டெங்கு அதிர்ச்சி. மூளைக்குக் குருதி போய்க்கொண்டிருப்பதால் ஆள் கடைசிவரை கதைப்பார். மேல் எண் விழும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அதிதீவிர சிகிச்சையில் தாதியின் மதிப்பீடு என்பது இதுதான். ஓர் எண்ணை எடுத்து, இந்த நோயில் இந்த எண்ணுக்கு என்ன பொருள், ஒரு மணித்தியாலத்துக்கு முன் அது எங்கே இருந்தது என்று கேட்பது. எண்களை எழுத மொனிட்டர் போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும்.

வரிசை எதற்கு

சுவாசப்பாதை, சுவாசம், குருதியோட்டம், நரம்பு நிலை, பிறகு உடல் முழுவதும் என்ற வரிசையைத் தாதியர் பயிற்சிக் கல்லூரியின் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்கிறார்கள். அது உடலை மேலிருந்து கீழாகப் பார்க்கும் வரிசை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எது விரைவாகக் கொல்லுமோ அது முதலில் என்பதே அதன் கணக்கு. மூச்சுப்பாதை முழுதாக அடைத்தால் சில நிமிடங்களில் மூளை பழுதாகும். குருதியோட்டம் குறைந்தால் பொதுவாக அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். கடித்த காலின் வீக்கமோ அழுக்கான கட்டோ மணிக்கணக்கில் பொறுக்கும். ஆனால் புதிதாக வந்தவரின் கண் முதலில் போவது அந்த வீக்கத்துக்கும் இரத்தத்துக்கும்தான். அந்தப் பழக்கத்தை முறிக்கத்தான் வரிசை.

பொறுப்பேற்றதும் கட்டிலின் கால்மாட்டில் நின்று முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும், பிறகு மொனிட்டரை. நெஞ்சு இரு பக்கமும் சமமாக ஏறுகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, நெற்றி வியர்த்திருக்கிறதா, கண் நம்மைத் தொடர்கிறதா என்பதற்கு அரை நிமிடம் போதும். அதன் பிறகு கட்டிலைச் சுற்றி: சளி உறிஞ்சும் கருவியை இயக்கிக் குழாயை விரலால் மூடி அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பது, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பை முகமூடியோடு தலைமாட்டில் தொங்குகிறதா என்று பார்ப்பது, சிரிஞ்ச் பம்புகளில் எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கிறது, பற்றரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போதும் போகலாம். ஜெனரேட்டர் எடுக்கும் சில விநாடிகளைப் பற்றரி இல்லாத பம்ப் தாண்டாது.

அலாரம் எல்லைகளும் அப்போதே பார்க்கப்பட வேண்டும். முந்தைய நோயாளிக்கு வைத்த எல்லையோடு மொனிட்டர் ஓடிக்கொண்டிருப்பது எங்கேயும் நடக்கிற பிழை. எல்லை தேவைக்கு மேல் நெருக்கமாக இருந்தால் அது வீணாகக் கத்தும், கேட்டுக் கேட்டு காது பழகிவிடும், கடைசியில் யாராவது சத்தத்தையே நிறுத்திவிடுவார்கள்.

குழாயும் மூச்சும்

வாய்வழி மூச்சுக்குழாய் போட்டவருக்கு முதல் கேள்வி, பல்லடியில் எத்தனையாம் சென்ரிமீற்றர் குறி தெரிகிறது என்பது. வளர்ந்த பெண்ணுக்குச் சுமார் 21, ஆணுக்குச் சுமார் 23. நேற்று 22 என்று எழுதியிருக்க இன்று 25 இல் நிற்கிறது என்றால் குழாய் உள்ளே நழுவி வலது நுரையீரலுக்கு மட்டும் காற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இடது நெஞ்சு ஏறாது, ஸ்டெதஸ்கோப்பில் அந்தப் பக்கம் மௌனம். நாடாவை மாற்றிக் கட்டியபின், நோயாளியைப் புரட்டியபின், எக்ஸ்றே எடுத்தபின் இந்தக் குறியைத் திரும்பப் பார்க்காமல் விடுவதுதான் இதற்கு வழமையான காரணம்.

குழாயின் நுனியில் உள்ள சிறு பலூனின் அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீரளவில் நிற்க வேண்டும். குறைந்தால் எச்சில் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியா வரும். கூடினால் மூச்சுக்குழலின் சவ்வுக்குக் குருதி போகாமல் புண்ணாகும். விரலால் அமுக்கி "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வதை நம்பாமல் அளவுமானியால் பார்ப்பதே சரி. தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பதும் இதோடு சேர்ந்தது. செலவில்லாத வேலை, இருந்தும் புரட்டியபின் திரும்ப உயர்த்த மறந்துபோகும்.

சளி எடுப்பது தேவைக்கு மட்டும். நேர அட்டவணைக்காக எடுத்தால் சவ்வு காயப்படும். சத்தம் கேட்கிறதா, குழாயில் சளி தெரிகிறதா, வெண்டிலேட்டர் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். சளி உறிஞ்சும் கதீற்றரின் பருமன் மூச்சுக்குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. குழாய் அளவிலிருந்து இரண்டைக் கழித்து இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழச் சரியான கதீற்றர் அளவு வரும்: 8 குழாய்க்கு 12, 7 குழாய்க்கு 10. எடுக்கும் முன் 100 வீத ஒட்சிசன், ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடி. தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பது பழைய தாதியரின் உத்தி. தனக்கு மூச்சு முட்டும்போது நோயாளிக்கும் முட்டும் என்ற கணக்கு அது, இன்றைக்கும் பிழைக்காது.

வெண்டிலேட்டரில் இருப்பவரின் ஒட்சிசன் அளவு திடீரென விழுந்தால் கருவியின் பொத்தான்களைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. கழற்று, அம்பு பையால் 100 வீத ஒட்சிசனோடு கையால் கொடு, உதவிக்குக் கூப்பிடு. பை எளிதாக அமுங்கி நெஞ்சு ஏறினால் பிழை பெரும்பாலும் வெண்டிலேட்டரில் அல்லது அதன் குழாய்களில். பை இறுகினால் குழாய் சளியால் அடைத்திருக்கிறது, நோயாளி கடித்திருக்கிறார், அல்லது நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கட்டியிருக்கிறது. அமுங்கியும் நெஞ்சு ஏறாமல் வயிறு ஊதினால் குழாய் இடம் விட்டு வெளியே வந்திருக்கிறது.

மூச்சுக் காற்றின் அளவை உடல் நிறையை வைத்துக் கணக்கிடுவது இன்னும் அங்கங்கே நடக்கிறது. நுரையீரல் உயரத்தோடுதான் வளர்கிறது, தொப்பையோடு வளர்வதில்லை. 165 சென்ரிமீற்றர் உயர ஆணுக்கு உயரத்தால் கணக்கிட்ட நிறை ஏறத்தாழ 61.5 கிலோ. ஒரு கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்றால் ஒரு மூச்சு 370 மில்லிலீற்றர் அளவில். தராசில் 90 காட்டினாலும் அதே 370தான். ஆகவே உயரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதுவது வரவேற்பறைச் சம்பிரதாயம் இல்லை. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

குழாய் போடாத நோயாளியில் முழு நிமிடம் எண்ணிய சுவாச வீதத்தை விட முன்கூட்டியே எச்சரிக்கும் அளவு வேறில்லை. அதையே எல்லோரும் "20" என்று மனதால் எழுதிவிடுகிறார்கள். விரல் நுனிக் கருவி காட்டும் ஒட்சிசன் அளவு இந்த இடத்தில் நல்லாய் ஏமாற்றும். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கல்யாண வீட்டில் அடர்த்தியாக இட்ட கறுத்த மருதாணி எல்லாம் அதைக் குழப்பலாம். அதைவிடப் பெரிய பொறி, ஒட்சிசன் முகமூடி போட்டவருக்கு மூச்சு ஆழம் குறைந்து கரியமிலவாயு ஏறிக்கொண்டிருக்கும்போதும் அது 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

கட்டுவிரியன்: விழித்திருக்கும் பிணம் போல

இந்தப் பொறிக்குச் சரியான உதாரணம் கட்டுவிரியன் கடி. இரவில், நிலத்தில் உறங்குபவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது, பல் பதிந்த இடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுவலி என்று வருவார். பிறகு இமை விழும், பார்வை இரட்டிக்கும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்துத் துவளும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும்.

ஆகவே இவருக்குச் செய்யும் மதிப்பீடு வேறு. மேலே பார்க்கச் சொல்லி இமை எவ்வளவு தூக்குகிறார் என்று பார்ப்பது, நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டச் சொல்வது, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வது, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது. ஆறு மணிக்கு முப்பதுவரை எண்ணியவர் ஏழு மணிக்குப் பதினைந்தோடு நிற்கிறார் என்றால், விரல் கருவி 99 காட்டினாலும் டொக்டரைக் கூப்பிட்டுக் குழாய் போட ஆயத்தப்படுத்த வேண்டும்.

முழுதாக நரம்பு செயலிழந்தபின் இன்னொரு ஆபத்து. கண் திறக்காது, பேச்சில்லை, கிள்ளினாலும் அசைவில்லை, கண்மணிகூட விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவில் 3, அதாவது ஆகக் குறைந்த எண். பழக்கமில்லாதவர் மூளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். உள்ளே ஆள் முழு நினைவோடு படுத்திருக்கிறார், பக்கத்தில் நின்று சொல்வதெல்லாம் கேட்கிறது. விஷமுறிவு மருந்து ஏற்கெனவே அடைபட்ட நரம்பு நுனிகளைத் திறந்துவிடாது. அவை தாமாகத் தேறுவதற்கு நாட்கள் எடுக்கும், அதுவரை வெண்டிலேட்டர்தான் சிகிச்சை. இந்த நாட்களில் முன்னுரிமை: வலி நிவாரணியும் மயக்க மருந்தும் தடையில்லாமல் ஓடுவது, மூடாத கண்ணுக்குக் களிம்பு போட்டு மூடி விழிவெண்படலம் காயாமல் காப்பது, எதைச் செய்யும் முன்னும் காதருகே சொல்வது. "ஐயா, இப்ப உங்களப் பிரட்டப் போறம், பயப்படாதீங்க." கட்டிலடியில் நின்று "இது சரிவராது" என்று கதைப்பது இங்கே மருந்துப் பிழைக்குச் சமன்.

குருதியோட்டம்: விரல், சிறுநீர், பம்ப்

விரல் நுனியை ஐந்து விநாடி அமுக்கி விட்டால் நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும். மூன்றைத் தாண்டினால் தோலுக்குக் குருதி போதவில்லை. 2019 இல் வெளியான ஆண்ட்ரோமெடா ஷொக் ஆய்வு, தொற்று அதிர்ச்சியில் இந்த எளிய சோதனையை வைத்துச் சிகிச்சையை நடத்துவது திசுக்களுக்கு ஒட்சிசன் போதாதபோது குருதியில் ஏறும் லக்டேட்டைப் பரிசோதித்து நடத்துவதற்குப் பின்தங்கியதாகக் காட்டவில்லை. இரவில் லக்டேட் பார்க்க வழியில்லாத இடத்துக்கு இது பெரிய சேதி.

சிறுநீர் மணிக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லிலீற்றர். 50 கிலோ ஆளுக்கு 25. டெங்குவில் மேல் எல்லையும் உண்டு: அதே ஆளுக்கு மணிக்கு 50 ஐத் தாண்டிப் போகிறது என்றால் திரவம் கூடிவிட்டது. நிறையப் போகுது என்று சந்தோசப்படும் இடம் இல்லை அது. இலங்கையின் டெங்கு வழிகாட்டியில் கசிவுக் காலம் 24 முதல் 48 மணித்தியாலம். அந்த 48 மணிக்குள் கொடுக்கக் கூடிய மொத்தத் திரவம், ஒரு நாள் சாதாரணத் தேவையும் உடல் நிறையின் 5 வீதமும் சேர்ந்தது. 50 கிலோவுக்கு 2100 உம் 2500 உம், ஆக 4600 மில்லிலீற்றர். அதைவிடப் பருமனானவருக்கும் கணக்கு 50 கிலோவிலேயே நிற்கும். வாயால் குடித்த கஞ்சியும் இளநீரும் ஜீவனியும் இதற்குள் அடக்கம். மொத்தக் கணக்கு பிழையாவது பெரும்பாலும் இங்கேதான். சேலைன் கணக்கு ஒரு தாளில் இருக்கும். பார்க்க வந்த மாமி பருக்கிய இரண்டு இளநீர் எந்தத் தாளிலும் இராது.

கசிவு நின்றதும் வெளியே போன திரவம் குழாய்க்குள் திரும்பி வரும். அப்போதும் சேலைன் அதே வேகத்தில் ஓடினால் நுரையீரல் நனையும்: இருமல், சுவாச வீதம் ஏறுதல், நெஞ்சடியில் நுரைச்சத்தம். செங்குருதிக் கணவளவு, அதாவது குருதியில் செங்கலங்கள் பிடிக்கும் வீதம், இறங்குவதும் தனியே ஒன்றும் சொல்லாது. 48 இலிருந்து 38 க்கு இறங்கி, நாடி மெதுவாகி, பசி எடுத்து, சிறுநீர் தாராளமாகப் போனால் தேறுகிறார். அதே 38, நாடி 130, கை குளிர், இடைவெளி 20 என்றால் வயிற்றுக்குள் எங்கோ குருதி போகிறது. ஒரே எண், எதிரெதிரான இரண்டு சிகிச்சை.

நாடிக்குழாய்க்குள் ஊசி வைத்துப் பிரஷர் பார்க்கும் இடத்தில் உணரி இதயத்தின் மட்டத்தில், அதாவது நாலாவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் மட்டத்தில், நிற்க வேண்டும். தாங்கியில் உணரி அப்படியே இருக்கக் கட்டிலை 10 சென்ரிமீற்றர் உயர்த்தினால் வாசிப்பு 7 அளவில் பொய்யாகக் கூடும். சராசரி 58 உள்ளவர் 65 என்று காட்டுவார், எல்லோரும் நிம்மதியாவார்கள். கட்டிலை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் மட்டம் பார்க்க வேண்டும்.

பிரஷரைத் தூக்கும் நோரட்ரினலின் மருந்தின் பம்பில் கணக்கு எளிது. 4 மில்லிகிராம் 50 மில்லிலீற்றரில் என்றால் ஒரு மில்லிலீற்றருக்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் மணிக்கு 4.5 மில்லிலீற்றர். கவனிக்க வேண்டியது சிரிஞ்ச் முடியும் நேரம். இந்த மருந்து உடலில் இரண்டு மூன்று நிமிடம்கூட நிலைக்காது. சிரிஞ்ச் முடிந்தபின் புதிதைக் கலக்கப் போனால் கலக்கி முடிப்பதற்குள் பிரஷர் 50 க்கு வந்துவிடும். அரை மணிக்கு முன்பே அடுத்ததைக் கலந்து இரண்டாவது பம்பில் ஆயத்தமாக வைப்பது நல்லது. அந்த லைனில் வேறு மருந்தைத் தள்ளவும் கூடாது: குழாயில் நிற்கும் நோரட்ரினலின் ஒரேயடியாக உள்ளே போய்ப் பிரஷர் 220 க்கு ஏறும்.

கண்ணாடி விரியனும் கழுவிய கண்ணாடிக் குழாயும்

கண்ணாடி விரியன் கடித்தவரில் குருதி உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை தாதியின் கையில்தான் நடக்கிறது. புதிய, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக்குழாயில் 1 முதல் 2 மில்லிலீற்றர் குருதி, 20 நிமிடம் தொடாமல் வைத்து ஒரு தடவை மட்டும் சரித்துப் பார்ப்பது. இவ்வளவு எளிதானது பிழையாகும் வழிகள் இரண்டு. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால், அல்லது சவர்க்காரம் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயில் எடுத்தால், நல்ல குருதியும் உறையாது. தேவையில்லாத ஒருவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும். இடையில் ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெடும்.

விஷமுறிவு மருந்து குதிரைக் குருதியிலிருந்து எடுத்த புரதம் என்பதால் ஒவ்வாமை வருவது சாதாரணம், பெரும்பாலும் முதல் மணித்தியாலத்துக்குள். முன்கூட்டியே தோலடியில் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறையும் என்று காட்டிய ஆய்வு இலங்கையில் நடந்து 2011 இல் வெளியானது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தசையில் போட 0.5 மில்லிகிராம் அட்ரினலின் சிரிஞ்சில் இழுத்துக் கட்டிலடியில் இருக்க வேண்டும். உறைதல் சோதனையை ஆறு மணித்தியாலத்தில் திரும்பச் செய்ய வேண்டும். சிறுநீரின் நிறமும் அளவும், பல் முரசில் இரத்தக் கசிவு, தலைவலி மூன்றையும் அதுவரை மணிக்கு மணி பார்க்க வேண்டும். உறையாத குருதி உள்ளவரில் தசை ஊசியும் தேவையற்ற குத்தல்களும் தவிர்க்கப்பட வேண்டும், உயிர்காக்கும் அந்த அட்ரினலினைத் தவிர. இலங்கையின் கண்ணாடி விரியன் இமையையும் விழவைக்கும். இமை விழுந்தால் நாகமோ கட்டுவிரியனோதான் என்று உடனே எழுதிவிடுவது இங்கே சரிவராது.

எந்த மொழியில் கேட்டீர்கள்?

கிளாஸ்கோ அளவை 1974 இல் டீஸ்டேலும் ஜெனட்டும் அறிமுகப்படுத்தினார்கள். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. அம்பாறை மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சிங்களம் பேசும் தாதி, பொத்துவிலிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ வந்த, தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி. அல்லது மறுபக்கமாக, மட்டக்களப்பு வாட்டில் சிங்கள நோயாளி. விளங்காத மொழியில் "கையைப் பிடி" என்றால் அவர் பிடிக்க மாட்டார். அசைவில் 6 கிடைக்க வேண்டியவருக்கு 5, பேச்சில் 5 கிடைக்க வேண்டியவருக்கு 4. இரண்டு குறைந்தால் டொக்டரைக் கூப்பிட வேண்டிய அளவு அது, சிலவேளை ஸ்கேனுக்கும் போய்வருவார். வேலை மாறும்போது யார், எந்த மொழியில் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதும், இருவரும் கட்டிலடியில் நின்று ஒரு தடவை ஒன்றாகப் பார்ப்பதும் இதைத் தீர்க்கும். குழாய் போட்டவருக்குப் பேச்சு எண் போடாமல் அவருக்குக் குழாய் உண்டு என்று குறிக்க வேண்டும். 1 என்று போட்டால் அடுத்தவர் அதை உண்மையான வீழ்ச்சி என்று எடுத்துக்கொள்வார்.

மயங்கியவர், குழம்பியவர், வலிப்பு வந்தவர் எல்லோருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் குருதிச் சீனி. ஸ்கேனுக்கு ஆயத்தப்படுத்தியபின் சீனி மிகக் குறைந்து 38 என்று கண்டுபிடிப்பது வெட்கமான வேலை. அதிர்ச்சி நிலையில், கை வீங்கியவரில், விரல் நுனிச் சீனி பிழைக்கலாம், நாளக் குருதியில் பார்ப்பது நல்லது.

வெளியே வாங்கில் இருக்கும் சொந்தக்காரர்களும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான். படுவான்கரையிலிருந்து விடியவே புறப்பட்டு வந்த மனைவியிடம் கடித்த நேரம், விஷகடி வைத்தியரிடம் போனாரா, என்ன கட்டினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். நஞ்சு என்றால் போத்தலைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். "எங்கட வாப்பா இப்பிடிக் கதைக்கிற ஆள் இல்ல மிஸ்" என்று காத்தான்குடி மகள் சொன்னால், அது முறைப்பாடு அல்ல, நரம்பு நிலை மாறியிருக்கிறது என்ற தகவல்.

தோல், வாய், மலம், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவது, சிறுநீர்க் கதீற்றர் இன்றும் தேவையா என்ற கேள்வி: இவை அன்றாடம். வரிசையின் முதல் நான்கும் நிலைத்தபின் இவற்றுக்கு வர வேண்டும், ஆனால் வராமல் விடக் கூடாது.

தேறியவர் போல இருக்கும் இரண்டாம் நாள்

டைமெத்தோவேட், பென்தியன், பரகுவாட் என்ற பயிர் மருந்துகள் மூன்றையும் 2008 முதல் 2011 வரை இலங்கை படிப்படியாக நிறுத்தியது. ஆனாலும் ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிகொல்லி நஞ்சு முற்றாக ஒழியவில்லை. முதல் மணித்தியாலங்களில் வேலை, சளியைக் காயவைத்து நாடியை ஏற்றும் அத்ரோபின். 1.8 முதல் 3 மில்லிகிராம், அதாவது 0.6 அம்பூல் மூன்று முதல் ஐந்து. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேட்டு, சளி காயாவிட்டால் இரட்டித்து, நெஞ்சு தெளிந்து, நாடி 80 க்கு மேல், மேல் பிரஷர் 80 க்கு மேல் வரும்வரை. நாடி ஏற்கெனவே 120 என்று அத்ரோபினை நிறுத்திவிடுவது ஒரு பிழை: நெஞ்சு நிறைய நுரைச்சத்தம் இருக்கும்போது அந்த 120 ஒட்சிசன் போதாமையாலும் வரும். மற்றப் பக்கப் பிழையும் உண்டு. உடல் சுட்டு, வயிற்றுச் சத்தம் அடங்கி, காற்றில் எதையோ பிடிக்கப் பார்க்கிறார் என்றால் அத்ரோபின் கூடிவிட்டது. நிறுத்தி, அடங்கியபின் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். கண்மணியை மட்டும் பார்த்து ஓட்டினால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

இதெல்லாம் சரியாக நடந்தால் அடுத்த நாள் காலை ஆள் கண் திறந்து, தண்ணி கேட்டு, வீட்டாரோடு கதைப்பார். கட்டில் தேவை. வாட்டுக்கு அனுப்பலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். நஞ்சுண்டு 24 முதல் 96 மணிக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் தளரும் ஒரு நிலை இருக்கிறது. அதை 1987 இல் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும் இடைநிலைக் கூட்டறிகுறி என்று பொருள்படும் பெயரிட்டு விவரித்து எழுதினார்கள். அத்ரோபினுக்கு அது அடங்காது, வெண்டிலேட்டர்தான் வழி. சளி இராது, கண்மணி சரியாக இருக்கும், ஒட்சிசன் அளவு சரியாக இருக்கும். முதலில் போவது கழுத்தை மடக்கும் பலம். ஆகவே நான்கு நாள் முடியும்வரை, வாட்டுக்குப் போன பிறகும்கூட, ஒவ்வொரு பார்வையிலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, எத்தனை விநாடி பிடித்தார் என்பதைப் பிரஷருக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.